தேன்பாறையில் ரோஜா அத்தர்

ஆம்பூர்ப் பக்கத்தில் டேனரிக்குத் தோல் பதனிடப் போகிறவர்களின் வீடுகளில் வெளியூர் கிளம்புகிற பிள்ளையை அத்தர் தடவாமல் அனுப்ப மாட்டார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, வேலூரில் ஒரு பரீட்சை, எதுவானாலும் சரி, காது மடலுக்குப் பின்னால் ஒரு தடவல், காலரில் ஒரு தடவல். பக்கத்துத் தெரு பாய் வீடுகளைப் பார்த்துப் பழகிய வழக்கம்தான். அவர்கள் பண்டிகைக்கும் தொழுகைக்கும் பூசுகிறார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் பூசுவது பயத்தில். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாரோ என்கிற பயம்.

ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய் வருவார்கள். பச்சைத் தோலில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். உப்பை உதறி, தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்பில் முக்கி எடுக்கிறவர்களின் சேலையில், தலைமுடியில், வீட்டுப் பாயில், அந்தப் பாயில் படுக்கிற பிள்ளையில் எல்லாம் அந்த வாடை ஏறிக்கொள்ளும். நான் அங்கே அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் என் மூக்கு ராஜினாமா செய்துவிட்டது. இப்போது எனக்கு அந்த வாடை தெரியவே தெரியாது.

சில வருடங்களுக்கு முன் மாசி மாதத்தில், ஆலங்காயம் மலையடிவாரத்தில் ஒருநாள் இயற்கை நடைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பயிற்சி. ஒரு பள்ளி ஆசிரியருக்கு வேறொரு பள்ளிக் குழந்தை ஜோடி. நாள் முழுக்க ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. சொந்தப் பள்ளி டீச்சர் என்றால் பிள்ளை வாயைத் திறக்காது என்பது பயிற்சியாளரின் கட்சி. பச்சைத் தொப்பியும் பைனாகுலரும் மாட்டிக்கொண்டு திரிகிற ஒல்லியான இளைஞர் அவர். நல்ல பையன்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

முன்கூட்டியே போனில் கண்டிஷன் போட்டார். பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடவே கூடாது, வாழைப்பழம் எடுத்து வரக் கூடாது. போகிற பாறையில் மலைத்தேன் கட்டியிருக்கிறதாம். நான் வகுப்பில் அதை அப்படியே சொன்னேன். பிள்ளைகளின் முகம் சுண்டிப்போயிற்று.

எங்கள் பள்ளியிலிருந்து போகத் தேர்வான ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். எறும்புப் புற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மணி அடித்தாலும் எழாதவள். அந்த வருடம் எங்கள் சுற்றுச்சூழல் மன்றமே அவள்தான், மற்றவர்கள் எல்லாம் அவளுக்குத் துணை. அவளுடைய அம்மா டேனரியில் தோல் ஊறப்போடுகிற வேலை. அப்பா இல்லை.

"அத்தருமா டீச்சர்?"

"அத்தரும்தான்."

"அம்மா வுடமாட்டாங்களே."

"நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா என் பேச்சைக் கேட்டிருக்கிறார். அன்று காலை பள்ளி வாசலில் வந்து நின்றபோது அவள் தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. சீயக்காய் தேய்த்துத் தேய்த்துக் குளித்ததில் கண் சிவந்திருந்தது. அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா, "பத்தரமா பாத்துக்கோ டீச்சர், இது ஒன்னுதான் எனக்கு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினார்.

வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது அந்த பஸ். எங்கள் பெண்ணுக்கு ஜோடியாக வாய்த்தவர் காவேரிப்பாக்கம் பக்கத்துப் பள்ளி டீச்சர். ஏரிக்கரைப் பள்ளி. பஸ் நகர்வதற்குள் நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று பிள்ளையிடம் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் பெண்ணும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வாணியம்பாடி தாண்டி மறுபடி திரும்பிப் பார்த்தபோது அந்த டீச்சர் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். டீசல் வாடையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீசல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நாரை பற்றிய பேச்சு நின்றுபோயிருந்தது. எங்கள் பெண் முகத்தை ஜன்னல் கம்பியோடு ஒட்டிவைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். எழுந்துபோய் அந்த டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று எனக்கு வந்தது. நாலு பேர் முன்னால் என்னவென்று சொல்லி இழுப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலையடிவாரத்தில் வனத்துறையின் பழைய அறை ஒன்று இருந்தது. அங்கே இறங்கினோம். டீ, உப்புமா. பரிமாறுகிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பெண் சாப்பாட்டுப் பையோடு பாத்ரூமுக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை. அவள் அம்மா பையின் அடியில் சின்ன அத்தர் குப்பி ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். இவளுக்கு அவசரம் வந்துவிட்டது.

பிறகு நடை. வரிசையாக, ஜோடி ஜோடியாக, பேசாமல். நான் எனக்கு வாய்த்த குடியாத்தத்துப் பையனோடு கடைசியில் வந்தேன். ஒத்தையடிப் பாதை ஏறி ஒரு திறந்த இடத்தில் முடிந்தது. எதிரே பெரிய பாறை, அதன் விளிம்புக்கு அடியில் முறம் முறமாகத் தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. முதலில் அடை என்று தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அடை முழுக்க ஈ, ஒன்றின் மேல் ஒன்றாக. மொத்தமும் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து அடங்கியது.

தூரமாகத்தான் உட்கார வைத்தார் தொப்பிக்காரர். தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். தேனீக்குக் கண்ணைவிட மோப்பம்தான் பெரிது. ஒரு ஈ கொட்டிவிட்டால் கொட்டின இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும். அதுதான் மற்ற ஈக்களுக்கு அழைப்பு. அப்புறம் கூட்டமே இறங்கும். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். குடியாத்தத்துப் பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

காற்று எங்கள் பக்கமிருந்து பாறைப் பக்கம் திரும்பியது. அதை நான் கவனிக்கவில்லை, தொப்பிக்காரர் கவனித்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் தானாகப் பேச்சை நிறுத்தியதே எனக்குப் பயமாக இருந்தது.

முன்வரிசைக்கு மேலே ஓர் ஈ வட்டமடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி. எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றின.

"யாரும் அசையாதீங்க. கையை வீசாதீங்க," என்றார். "யாராவது சென்ட் போட்டிருக்கீங்களா? திட்ட மாட்டேன். அவங்கள மட்டும் முதல்ல கீழ அனுப்பணும். சொல்லிடுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஒன்னு கொட்டிடுச்சுன்னா எல்லாருக்கும் ஆபத்து."

பையனைப் பக்கத்து டீச்சரிடம் விட்டுவிட்டுக் குனிந்தபடி முன்னால் போனேன். கிட்டப் போகும்போதே ரோஜா அத்தர் குப்பென்று அடித்தது. அந்த வாசனை எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பெண் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் இரண்டு ஈக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

நானாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், வேலை முடிந்திருக்கும். ஆனால் அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பது. அத்தனை பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அதைவிடத் தேனீ மேல் என்று முடிவுகட்டிவிட்டாள் அந்தக் கழுதை. பக்கத்தில் காவேரிப்பாக்கத்து டீச்சர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அத்தர் வாசனை தெரியாமல் இருக்குமா? "இந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான் சார்," என்றேன். "சென்ட் போட்டது நான்தான். காலைல இவளுக்குத் தலை வாரி விட்டேன், இவ மேலயும் ஏறியிருக்கும். ரெண்டு பேரும் கீழ போறோம்."

தொப்பிக்காரர் என்னையும் பார்த்தார், அந்த ஈக்கள் யாரைச் சுற்றுகின்றன என்பதையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு நான் இன்றைக்கும் நன்றி வைத்திருக்கிறேன்.

"மெதுவா போங்க மேடம். ஓடாதீங்க. கொட்டிடுச்சுன்னா மட்டும் ஓடுங்க, நிக்காம ஓடி ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கோங்க."

என் துப்பட்டாவை எடுத்து அவள் தலைமேல் போட்டு முகத்தை மூடினேன். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் நடந்ததில்லை. அது ஊர்வலத்தில் போகிற நடை. ஈக்கள் கூடவே வந்தன. துப்பட்டாவின் மேல் உட்கார்ந்தன, எழுந்தன, என் காதருகே ரீங்கரித்துவிட்டு மறுபடி அவளிடமே போயின. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் பெரிய ஆளே பிழைப்பது கஷ்டம். இவள் எலும்பும் தோலுமாக இருப்பவள். இது ஒன்றுதான் எனக்கு என்று சொல்லிவிட்டு ஓடிய அந்த அம்மாவிடம் போய் நான் என்ன சொல்லுவேன்?

பின்னால் காலடி கேட்டது. காவேரிப்பாக்கத்து டீச்சர்.

"நீங்க எதுக்கு வர்றீங்க? அங்கயே இருங்க," என்றேன் பல்லிடுக்கில்.

"ஜோடி என் ஜோடிதானே?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸில் எங்கே போயிற்று இந்த ஜோடி?

பாதை திரும்புகிற இடத்தில், கீழே அறையின் ஓடு தெரிகிற இடத்தில், எங்கள் பெண் ஒரு முறை துள்ளினாள். சத்தம் போடவில்லை. கழுத்தில் கொட்டிவிட்டது. அடுத்த நொடி பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது.

ஓடினோம். என் புறங்கையில், புருவத்தில், முதுகில் நெருப்பு வைத்தது போல இறங்கியது. செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. அந்த டீச்சர் முந்தானையை உருவி எங்கள் பெண்ணின் மேல் போர்த்தி, இன்னொரு பக்கமிருந்து அவளை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். மூன்று பேரும் ஒரே வாசலில் முட்டி மோதி உள்ளே விழுந்தோம். கதவைச் சாத்தினேன்.

உள்ளே வந்த ஈக்களை அந்த டீச்சர் செருப்பால் அடித்தார். நான் விளக்கைப் போட்டு நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தேன். கழுத்தில், கன்னத்தில், காது மடலின் பின்னால். காதுக்குப் பின்னால்தான் நிறைய. மூச்சு நன்றாக வருகிறதா, நாக்கு தடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். மூச்சு வந்தது. வெளியே கண்ணாடியில் ஈக்கள் மோதுகிற சத்தம் தூறல் மாதிரி கேட்டது. பாத்ரூம் வென்டிலேட்டரில் வலை கிழிந்திருந்தது. அதன் வழியாக ஒன்றொன்றாக உள்ளே வந்தன.

"வா, கழுவணும். சோப்பு போட்டு மொத்தமா கழுவணும்," என்று அவளைப் பாத்ரூமுக்குள் இழுத்தேன்.

அதுவரை ஒரு சத்தம் போடாதவள் அப்போது கத்தினாள். "வேணாம் டீச்சர்! கழுவாதீங்க!" இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுருண்டாள்.

"அத்தர் வாசனைக்குத்தான்டி வருது! மறுபடியும் கொட்டிடும்!"

"கொட்டட்டும். கழுவினா அது வந்துடும்."

"எது வந்துடும்?"

"எங்க வூட்டு நாத்தம்."

தண்ணீர் மக்கோடு நின்றுகொண்டிருந்த அந்த டீச்சரின் கை அப்படியே நின்றது. அழுதுவிடக் கூடாது என்றுதான் கத்தினேன் என்று நினைக்கிறேன். "உசுரு போய்ட்டா எந்த நாத்தமும் இருக்காதுடி!" என்று கத்தி, அவள் கையைப் பிரித்து, தலையில் தண்ணீரை ஊற்றினேன். அவள் திமிறினாள். தேனீ கொட்டியபோது அழாதவள் சோப்புக்கு ஏங்கி ஏங்கி அழுதாள். அந்த டீச்சர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, மிதியடிச் சாக்கைச் சுருட்டி வென்டிலேட்டரில் அடைத்தார். அடைக்கும்போது அவர் உதட்டிலும் ஒன்று கொட்டியது.

தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசியில் ரோஜா போய்விட்டது. கண்ணாடியில் மோதுகிற சத்தமும் குறைந்தது. பாறையில் அன்று பருந்து ஏதாவது கூட்டைக் கலைத்ததா, அத்தர்தான் இழுத்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளைத் துவட்டி, பெஞ்சில் உட்கார வைத்தேன். மேலே தங்கியவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தொப்பிக்காரரிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியும் சொல்லிவிட்டாராம், வந்துகொண்டிருக்கிறதாம்.

"இப்ப வருதா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் தலையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். "ஒன்னும் வர்ல. சோப்பு வாசனைதான்."

அவள் நம்பவில்லை. "உங்க மூக்கு எங்க ஊரு மூக்கு டீச்சர். உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மிஸ்ஸ பாக்கச் சொல்லுங்க."

நான் அந்த டீச்சரைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லித் தொலை என்று கண்ணாலேயே சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். உதடு வீங்கிப் போயிருந்த அவர் தரையில் மண்டியிட்டு, அவள் கழுத்தோரம் முகத்தைக் கொண்டுபோனார். சீக்கிரம் எடுத்துவிடவில்லை. நிதானமாக மூச்சை இழுத்தார்.

"வருதும்மா," என்றார்.

அவரை அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"பஸ்ல ஜாஸ்தி இருந்துச்சு. நான் மூக்க மூடினேன், நீ பாத்துட்ட. அப்படி மூடியிருக்கக் கூடாது. இப்ப கம்மியா இருக்கு. ஆனா வருது."

எங்கள் பெண் அவரையே பார்த்தாள். நான் அவள் உடைந்து அழப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற முகத்தோடு கேட்டாள்.

"கம்மின்னா எவ்ளோ கம்மி மிஸ்?"

"இவ்ளோ கிட்ட வந்தாதான் தெரியுது."

"கிட்ட வந்தா கஷ்டமா இருக்கா?"

அவர் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. "இல்ல. பழகாத வாசனை, அவ்ளோதான்."

எங்கள் பள்ளியில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கம்பெனி என்றுதான் சொல்லும். என்ன கம்பெனி என்று நாங்களும் கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பதுதான் இரக்கம் என்று நான் நினைத்திருந்தேன். இவளும் மூன்று வருடமாக என்னிடம் கம்பெனி என்றுதான் சொல்லிவந்திருக்கிறாள்.

"எங்கம்மா டேனரில தோலு ஊற வைக்கறாங்க மிஸ்," என்றாள் அந்த டீச்சரிடம். குரல் தணியவில்லை. "அவங்க மேல இதவிட ஜாஸ்தி வரும்."

அந்த டீச்சர் அவள் காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒரு கொடுக்கை நகத்தால் எடுத்தார். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவிடுக்கில் ஈ இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அதற்குள் அவள் வீங்கிய முகத்தோடு என்னைத் தாண்டிப் போய், தாழ்ப்பாளை நீக்கினாள்.

"ஈ போயிருக்கும் டீச்சர், வாங்க," என்று சொல்லிவிட்டு முதலில் வெளியே போனாள்.